மரத்துப்போன கால்களுக்குச் செருப்பு செய்தோம்

நான் வேலை பார்த்த பாதச் சிகிச்சைப் பிரிவில் இப்போது ஒரு கண்ணாடித் தட்டு வைத்திருக்கிறார்கள். நோயாளி அதன் மேல் ஏறி நின்றால் போதும், பாதத்தின் உருவம் திரையில் வந்துவிடுகிறது. எங்கே பாரம் அதிகமோ அந்த இடம் சிவப்பாகத் தெரிகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் அனிதா போன மாதம் அதைக் காட்டுவதற்காகவே என்னைக் கூப்பிட்டிருந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது. மை தடவிய ரப்பர் விரிப்பில் ஆளை நிற்கவைத்து நாங்கள் காகிதத்தில் எடுத்த தடத்தைவிட எவ்வளவோ தெளிவு. அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அனிதா கேட்டது வேறு. வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் சிலர் அவளிடம் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பாடத்தில் மூன்று வட்டங்கள் போட்ட ஒரு படம். சிந்தனை, செயல், ஆராய்ச்சி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. "அக்கா, இதுல எது மொதல்ல, எது அடுத்ததுன்னு பசங்க கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுத உட்கார்ந்தபோது காதர் பாயின் பாதம்தான் நினைவுக்கு வந்தது. அதையே எழுதுகிறேன். பாடத்துக்கு உதவுமா என்று தெரியவில்லை.

நான் காரைக்கால்காரி. தலத்தெருவில் வீடு. சென்னையில் காலணி வடிவமைப்பில் டிப்ளமோ படித்து, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சில வருடம் பெண்களுக்கான குதிகால் செருப்புகள் வரைந்தேன். அப்பா படுத்த படுக்கையானபோது ஊருக்குத் திரும்பினேன். இங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தற்காலிகமாகத்தான் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை முற்றினால் பலருக்குப் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினால் தெரியாது, கொப்புளம் வந்தால் தெரியாது. நடையின் பாரம் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து புண்ணாகும். அந்தப் புண் ஆறாமல் போனால் விரல், பிறகு பாதம், பிறகு கால் என்று எடுக்கவேண்டி வரும். பாரம் ஒரே இடத்தில் விழாமல் பகிர்ந்துகொடுக்கும் செருப்பைச் செய்வதுதான் என் வேலை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனியில் நான் செய்த செருப்பு கடித்தால் வாங்கியவள் திட்டிவிட்டுக் கழற்றி எறிவாள், எனக்கும் விஷயம் தெரிந்துவிடும். இங்கே செருப்பு காலைக் கிழித்தாலும் போட்டிருப்பவர் "நல்லாருக்கும்மா" என்றுதான் சொல்வார். நாம் செய்ததில் என்ன தப்பு என்று சொல்லவேண்டிய ஒரே ஆளுக்கு அது தெரியாது.

முதல் நாள் ஒரு பரிசோதனை செய்வோம். தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழை ஒன்று. அதைப் பாதத்தில் ஊன்றி, இழை வளைகிற அளவுக்கு மட்டும் அழுத்தவேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் "தெரியுது" என்று சொல்லவேண்டும். எளிதாகத் தோன்றும். ஆனால் மனிதர்கள் தோற்க விரும்புவதில்லை. நாம் ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனால், தாளத்தைப் பிடித்துக்கொண்டு, தொடாத இடத்திலும் "தெரியுது" என்பார்கள். அதனால் தொடுவேன், நிறுத்துவேன், சும்மா இருப்பேன், சட்டென்று இரண்டு தடவை தொடுவேன். சும்மா இருந்த நேரத்தில் "தெரியுது" என்று ஒருவர் சொன்னால் மனசு கனத்துப்போகும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் சேதுராமன். நாங்கள் சேது சார் என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிற அம்மாவிலிருந்து எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆனால் அவர் அறைக்குள் போகப் பயப்படுவோம். காரணம் ஒரே கேள்வி. நாம் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். "புண்ணு ஆறிடும் சார்" என்று சொல்லமுடியாது. அது நினைத்தது. "ஓரம் சிவந்து, நடுவுல சதை வளந்திருக்கு சார்" என்றால் அது பார்த்தது. தேய்ந்து திரும்பி வரும் ஒவ்வொரு செருப்பையும் நீளவாக்கில் அறுத்து மேசையில் வைக்கச் சொல்வார். எந்த இடத்தில் ரப்பர் நசுங்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். நோயாளி சொல்ல முடியாததைச் செருப்பு சொல்கிறது என்பது அவர் நம்பிக்கை.

காதர் பாய் எங்களிடம் வந்தபோது அவருக்கு வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண் ஆறி முடிந்திருந்தது. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கும் பண்டாரி அவர். கனத்த உடம்பு, அகலமான பாதம். காரைக்காலிலும் நெரவியிலும் அவர் கை படாத பெரிய விருந்து குறைவு. சர்க்கரை வந்து வருடக்கணக்கு ஆகிவிட்டது. நைலான் இழையை ஊன்றினேன். கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தார். முன்பாதம், விரல்கள், குதிகால் என்று எல்லா இடமும் தொட்டு முடித்தேன். "ஆரம்பிக்கலையா சிஸ்டர்?" என்றார்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு புதிய செருப்பை உருவாக்கியிருந்தேன். அடிப்பாகம் வளையாமல் கெட்டியாக இருக்கும், ஆனால் முன்பக்கம் தோணியின் அடிபோல மேல்நோக்கி வளைந்திருக்கும். நடக்கும்போது பாதம் மடங்காமல் உருண்டு போகும். பெருவிரலுக்குக் கீழே பாரம் விழாது. பட்டறையில் அதைத் தோணிச் செருப்பு என்று அழைத்தோம். அந்த வளைவை நான் காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை. கத்தியால் சீவி, மாட்டி நடந்து பார்த்து, மறுபடி சீவி, கை கண்டுபிடித்தது அது. மை விரிப்பில் தடம் எடுத்துப் பார்த்தோம். கறுப்பாக விழுந்துகொண்டிருந்த இடம் வெளிறியது. எனக்கு அதுவே போதும்.

சேது சாருக்குப் போதவில்லை. "தடம் வெளிறியிருக்கு, அது பாத்தது. புண்ணு வராதுங்கறது நெனச்சது" என்றார். ஆய்வு தொடங்கினோம். பாதிப் பேருக்குத் தோணிச் செருப்பு, பாதிப் பேருக்கு வழக்கமான மெத்து ரப்பர் செருப்பு. யாருக்கு எது என்பதை எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வெளியூரிலிருந்து முடிவு செய்து அனுப்புவார். காதர் பாய் விவரம் கேட்டுக்கொண்டு சம்மதித்தார். அவருக்கு வந்தது மெத்து ரப்பர்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய பாதத்துக்காகவே செய்ததுபோல இருந்தது அந்தத் தோணிச் செருப்பு. சாரிடம் போனேன்.

"காதர் பாய்க்கு மட்டும் மாத்திக் குடுத்துடலாம் சார்."

"எதுக்கு?"

"அவருக்கு அந்த எடத்துலதான் புண்ணு வந்துருக்கு. திரும்ப வரும் சார். நல்லதுன்னு தெரிஞ்சும் குடுக்காம இருக்கறது எப்புடி?"

"நல்லதுன்னு யார் சொன்னா?"

"நான் செஞ்சது சார் அது."

"அதனாலதான் சொல்றேன். செஞ்சவங்களுக்குச் செஞ்சது பிடிக்கும். நீங்க சாட்சி சொல்ல முடியாது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்துவோம். அப்புறம் இது நல்லதா கெட்டதான்னு யாருக்கும் எப்பவும் தெரியாது."

அவர் சொன்னது நியாயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

சில மாதம் கழித்து, நெரவியில் ஒரு கல்யாணத்துக்கு ஆக்கிவிட்டு வந்த காதர் பாயைக் காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். காலில் இருந்த கட்டைப் பிரித்ததும் நானும் சாரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். புண் பெருவிரலுக்குக் கீழே இல்லை. பாதத்தின் உள்வளைவில் இருந்தது. பாரத்தால் வருகிற புண் அங்கே வராது, நடையில் தரையைத் தொடாத இடம் அது. வட்டமாக, ஆழமாக, ஓரம் கருகி இருந்தது.

"பாய், இது தீக்காயம்" என்றார் சார்.

காதர் பாய் தலையசைத்தார். "தம் போடுற நேரம் சார். பிரியாணி தேக்சா மூடி மேல தணல் அள்ளிக் கொட்டுவோம். ஒண்ணு கீழ விழுந்து மிதிச்சிருக்கேன் போல." பிறகு என் பக்கம் திரும்பினார். "தீயற வாசம் வந்துச்சு சிஸ்டர். சோறு அடி பிடிக்குதுன்னு நெனச்சேன். அடுப்பைத் தணிக்கச் சொன்னேன். திரும்பவும் வாசம் வந்துச்சு. இன்னும் தணிக்கச் சொன்னேன்."

நான் "செருப்பு எங்க இருந்துச்சு பாய்?" என்று கேட்டேன்.

"பந்தலுக்கு வெளியில. பாத்திஹா ஓதித்தான் அடுப்பு பத்தவைப்போம். அப்ப கழட்டுனா, சோறு எறக்குறவரைக்கும் வெறுங்கால்தான். சாப்பாட்டுகிட்ட செருப்போட நிக்க மனசு வராது. எப்பவும் அப்புடித்தான்."

ஒவ்வொரு தடவை வரும்போதும் அவரிடம் "செருப்பு போடுறீங்களா பாய்?" என்று கேட்டிருக்கிறோம். "போடுறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அது உண்மை. தெருவில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தாழ்வாரத்தில் வந்து நின்றதும் சேது சார் சொன்னார்: "ரெண்டு செருப்புல எது நல்லதுன்னு இத்தனை மாசமா அளந்துகிட்டு இருக்கோம். ரெண்டுமே வாசல்ல கெடந்துருக்கு." "கேள்வியே தப்புங்க" என்றார்.

காதர் பாயின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆய்வு ஒழுங்காக முடிந்தது. தோணிச் செருப்பு போட்டவர்களுக்குப் புண் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருந்தது. நான் நினைத்தது சரி என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தோம். பூவத்தில் ஒரு வீடு, நெரவியில் ஒரு வீடு என்று போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். நாங்கள் செய்துகொடுத்த செருப்புகள் எல்லாம் படிக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும். அதைக் கொடுத்தனுப்பிய நாங்கள் கழற்றிவிட்ட செருப்பும் பக்கத்திலேயே கிடக்கும். உள்ளே அடுப்பங்கரை, சாமியறை, கொல்லை, கிணற்றடி எங்கும் வெறுங்கால். என் வீட்டிலும் அப்படித்தான். மாதா படத்துக்கு முன்னால் செருப்போடு நிற்க எனக்கே வராது. அதை வருடக்கணக்கில் தினமும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். சார் கேட்கும் கேள்விக்கு இதில் எந்தப் பதிலும் பொருந்தவில்லை. நான் பார்க்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை.

காதர் பாய் செயற்கைக் காலோடு நடக்கப் பழகியதும் மறுபடி ஆக்கப் போனார். நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னால் போதும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். உப்பு பார்க்க எழுந்து போவார், தம் போட எழுந்து போவார். மிச்சமிருந்த இடது பாதத்துக்கு முன்னைவிட இருமடங்கு பாரம். அதிலும் உணர்ச்சி இல்லை. ஒருநாள் அவரே ஒரு வழி சொன்னார்.

"எங்க மச்சான் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தப்ப தோல்ல ஒரு காலுறை வாங்கிட்டு வந்தாரு சிஸ்டர். குஃப்புன்னு சொல்லுவாங்க. தொழுகைக்கு முன்னாடி ஒளுச் செஞ்சு, கால் கழுவி மாட்டிக்கிட்டா, அதைப் போட்டுட்டே தொழுவலாம். மார்க்கத்துல அனுமதி இருக்கு. தொழுகைக்கே ஆகும்னா தேக்சாகிட்ட நிக்க ஆகாதா?"

அன்றைக்குப் பட்டறையில் எனக்கிருந்த வேகம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. உள்ளே மெல்லிய ஆட்டுத் தோல், விரல் படும் இடத்தில் தையலே இல்லாமல். அதற்குள் அவர் பாதத்தை அச்செடுத்துச் செய்த மெத்தை. அடியில் தணல் சுடாத கனத்த தோல். கணுக்காலுக்கு மேல் வரை மூடி, நாடாவால் கட்டுவது. வெளியில் போகும்போது அதன் மேல் செருப்பு மாட்டிக்கொள்ளலாம். என் வேலைக் காலத்தில் நான் செய்ததிலேயே அழகானது அதுதான். யோசனையா, கைவேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றாக ஓடின.

முடித்து மேசையில் வைத்தேன். சேது சார் உள்ளே கைவிட்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"இன்னைக்கே குடுத்துடலாம்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சோதிச்சுப் பாக்க வேணாமா சார்? கொஞ்ச நாள் வேற யாராவது..."

"எப்ப? அந்தக் காலையும் எடுத்த பிறகா?"

அவர் குரலில் எரிச்சலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்குள் அந்தத் தீக்காயம் ஆறவில்லை என்று புரிந்தது. மேற்கொண்டு நான் பேசவில்லை. காதர் பாயின் காலில் அவரே மாட்டிவிட்டார். நாடாவைக் கட்டிவிட்டு, "பாய், இது உங்க காலைக் காப்பாத்தும்" என்றார். யாரிடமும் அப்படி உறுதி சொல்லாத மனிதர்.

காதர் பாய் சிரித்தார். "எனக்கு எதை மாட்டுனாலும் தெரியாது சார். ஆனா இதைப் பாத்தாத் தெரியுது, நல்லாருக்கு."

அந்த வருடம் ஐப்பசியில் தொடங்கிய மழை விடாமல் பெய்தது. வாரம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தோம். இரண்டு தடவை வந்தார், கால் சுத்தமாக இருந்தது. பிறகு தெருவில் முழங்கால் தண்ணீர், வரவில்லை. ஆளனுப்பி விசாரித்தோம், நன்றாக இருப்பதாகச் சொன்னார். நடந்தது பிறகுதான் தெரிந்தது. விடியற்காலையில் கால் கழுவி, துடைத்தும் துடைக்காமலும் உறையை மாட்டிக்கொள்வார். பகல் முழுக்க அடுப்பு வெக்கையில் உள்ளே வியர்க்கும். தணலைத் தடுத்த தோல் ஈரத்தையும் வெளியே விடவில்லை. விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து, வெடித்து, அதன் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. ஒரு கால் இல்லாத கனத்த மனிதர் குனிந்து தன் விரல் இடுக்கைப் பார்ப்பது எப்படி? அவர் மனைவி சபுராவுக்கும் சர்க்கரையால் கண் மங்கல். காய்ச்சலில் உளற ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது முழங்கால் வரை வீங்கியிருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பினோம். அங்கே அந்தக் காலை எடுக்கக்கூட அவகாசம் இல்லாமல் போயிற்று.

நானும் சாரும் அவர் வீட்டுக்குப் போனோம். கணவனை இழந்தவர்கள் ஒதுங்கி இருக்கும் இத்தா நாட்களில் சபுராம்மா இருந்ததால் வெளி ஆண்கள் பார்க்கக்கூடாது. சார் மழையில் தெருவிலேயே குடையோடு நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். சபுராம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் கழட்ட மாட்டேன்னாங்க. டாக்டர் குடுத்ததுன்னாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வெளியே வந்து சாரிடம் எதையாவது சொல்லியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் இருவரும் நடந்து வந்தோம்.

அனிதாவின் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் தடவை தெரிந்துகொள்வதற்காகக் கொடுக்காமல் இருந்தோம். இரண்டாவது தடவை கொடுக்கவேண்டும் என்பதற்காகத் தெரிந்துகொள்ளாமல் இருந்தோம். இரண்டுக்கும் காரணம் அக்கறைதான். நாம் யோசிப்பதும் செய்வதும் சரியா என்று சோதிக்கும் இடம் பட்டறை இல்லை, ஒரு மனிதரின் உடம்பு. அந்தச் சோதனையை முன்கூட்டியே யாராலும் செய்து முடித்துவைக்க முடியாது. எது முதலில் என்று கேட்டால், யாருடைய உடம்பில் என்று முதலில் கேளுங்கள்.

மறுவருடம் உறையின் மேல்பக்கம் துளைகள் போட்டு, உள்ளே கழற்றிக் காயவைக்கும் பருத்தி மெத்தை வைத்து மாற்றினேன். அதோடு ஒப்பிட, வீட்டுக்குள் மட்டும் போடும் துணிச் செருப்பு ஒன்றும் செய்தோம். மறுபடி ஆய்வு. இந்தத் தடவை சேது சார் இரண்டு விஷயம் மாற்றினார். எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது என்பதை ஒவ்வொருவரிடமும் அவரே நேரில் சொல்வார். யாருக்கு எது என்பதை நோயாளியே ஒரு டப்பாவிலிருந்து சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார். துளை போட்ட உறைதான் இன்றைக்கும் அங்கே கொடுக்கிறார்கள். சார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்த ஆய்வு தொடங்கிய வாரம் சபுராம்மா வந்தார். இத்தா முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. தெருத் தண்ணீரில் நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இழையை ஊன்றினேன். சில இடங்களில் "தெரியுது" என்றார். பல இடங்களில் பேசாமல் இருந்தார். சார் உறையையும் துணிச் செருப்பையும் அவர் முன்னால் வைத்து விவரம் சொன்னார்.

"ரெண்டுல எது சார் நல்லது?"

"தெரியலம்மா."

"உங்களுக்கே தெரியலையா?"

"தெரியல. தெரிஞ்சுக்கத்தான் இதைச் செய்றோம்."

சபுராம்மா உறையைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "காலைக் காப்பாத்தும்னு டாக்டர் சொன்னாருன்னு அவங்க வீட்டுல வந்து சொன்னாங்க."

"ஆமாம்மா. சொன்னேன்" என்றார் சார். "அப்பவும் எனக்குத் தெரியாது."

நான் குறுக்கிட்டு, "உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்மா. வைத்தியம் எதுவும் நிக்காது" என்றேன்.

"நான் வேணாம்னு போனா, அடுத்து வர்றவங்ககிட்டயும் தெரியலன்னுதானே சொல்லுவீங்க" என்றார்.

டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுத்தார். பிரித்துப் பார்த்தார். எழுத்து தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

"தோலுறை" என்றேன்.

சபுராம்மா சீட்டை மடித்து வைத்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, "சரி, அளவு எடுங்க" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. ஒரு துணியை எடுத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன்.